கிள்ளிப் போட்ட இலைகள்

தம்பி, இதை உட்கார்ந்து படி. ஒரு கையில் டீயும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டு படிக்க இது வாட்ஸ்அப் செய்தி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதைத்தான் மறுபடி எழுதுகிறேன். நீ பேரையூர் ஷெட்டில் காயப்போட்டு, அரைத்து, மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பொடி என்று பாக்கெட்டில் அடைத்து வைத்திருக்கிறாயே, அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. அதைப் போலவே இருக்கும் வேறு ஒரு செடி. வெள்ளிக்கிழமை திறப்பு விழா வேண்டாம். கடைகளுக்கு ஒரு பாக்கெட்கூடப் போக வேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலில், தேன்மொழி காலையில் அதை மோரில் கலந்து குடிப்பதை நிறுத்தச் சொல். உன் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம். இந்த மூன்றையும் சொன்னபோது நீ சிரித்தாய். "ஏம்மா, காலேஜ்ல நீ எழுதி வச்ச பேருதான அது? ஒனக்கே மறந்து போச்சா?" என்றாய். போனை வைப்பதற்கு முன் பக்கத்தில் யாரிடமோ, "அம்மாவுக்கு வயசாயிருச்சுண்ணே, மாத்தி மாத்திப் பேசுது" என்றதும் என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது. கேஸ் சிலிண்டருக்குப் பதிய மறக்கிறேன், மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறேன், எல்லாம் வாஸ்தவம். ஆனால் இந்தச் செடியை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. மறக்க முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டுமாக எழுதவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் பாக்கெட்டின் பின்பக்கம் என் போட்டோ இருக்கிறது. பட்டுப்புடவை கட்டி, கழுத்தை நிமிர்த்தி, பெரிய மேதை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கீழே, தாவரவியல் பேராசிரியர் இனம் கண்டு உறுதி செய்தது என்று அச்சடித்திருக்கிறாய். வாங்குகிறவர்கள் உன்னை நம்பி வாங்கப்போவதில்லை, அந்த முகத்தை நம்பித்தான் வாங்குவார்கள். அதனால் இதைப் பிரதி எடுத்து, விழா அழைப்பிதழ் போன வீடுகளுக்கும் கடைகளுக்கும் நானே அனுப்பப்போகிறேன். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு அதைவிட அதிகமாக இருக்கும்.

செடியைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கு இன்ஜினியரிங் தெரியும், செடி தெரியாது, அது குற்றமில்லை. இது சூரியகாந்திக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூவே இல்லை. நடுவில் ஊசிமுனை மாதிரி முப்பது நாற்பது சின்னப் பூக்கள் நெருக்கியடித்து நிற்கும். ஓரத்தில் இதழ் என்று நாம் நினைப்பது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. கூட்டமே ஒற்றை ஆளாக வேடம் போடுகிற குடும்பம். அதனால்தான் வகுப்பில் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன், இந்தக் குடும்பத்தில் முகத்தைப் பார்த்து யாரையும் நம்பாதீர்கள், இலையைப் பாருங்கள், தண்டைப் பாருங்கள், விதையைப் பாருங்கள் என்று. மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் இந்த இன்னொரு செடியையும் முன்பு வெடிலியா என்ற பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தவர்கள் இரண்டையும் ஸ்பாக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். வீடு மாறும்போதுகூட இரண்டும் சேர்ந்தேதான் மாறின, அவ்வளவு நெருங்கிய சொந்தம். ஒன்று நம்முடையது, ஈரமான வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வளர்வது, நீளமான இலை, ஓரம் பெரும்பாலும் வழுவழுவென்று இருக்கும். இதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கீரையாகவும் மருந்தாகவும் தின்கிறோம். மற்றது அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்தது. லாட்ஜ் வாசல், ரோட்டு நடுவே கட்டியிருக்கும் மேடை, அடுக்குமாடி வீட்டு முகப்பு, எங்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது அதுதான். அதன் இலை பளபளவென்று இருக்கும், மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். ஆனால் எல்லா இலையும் அப்படிப் பிரியாது. சில கிளைகளில் நுனி இலைகள் ஒற்றையாகவே நிற்கும். ஏமாறுகிறவன் அங்கேதான் ஏமாறுவான். அதைத் தின்ற ஆடுமாடுகளுக்கு ஈரல் கெட்டதாகவும் கரு கலைந்ததாகவும் வெளிநாடுகளில் எழுதியிருக்கிறார்கள். மனிதர் தின்றால் என்ன ஆகும், எவ்வளவு தின்றால் ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் இவ்வளவு பயம்.

இனி என் பங்கு. நீ பிறப்பதற்கு முந்தின வருடம். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நம் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான், அந்தத் துறையில் நம் சனத்திலிருந்து போன முதல் ஆளும் நான்தான். உன் தாத்தா ஊரார் வயலில் களை பறித்துக் கூலி வாங்கியவர் என்பது உனக்குத் தெரியும். எங்கள் துறைத் தலைவருக்கும் அது எப்படியோ தெரிந்திருந்தது. எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "களையப் பத்தி ஒங்க ஆளுகளுக்குச் சொல்லவா வேணும்" என்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எப்படி எரியும் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. செடியை அமுக்கி உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் எங்கள் துறையில் இருந்தது. அதில் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குத் தாள் இல்லை. "யாராச்சும் கொண்டாந்தாத் தேவல" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று மனசுக்குள் ஒரு வெறி.

அழகர்கோவில் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரையில் அது கிடைத்தது. மஞ்சள் பூ, எதிரெதிர் இலை, தரையோடு ஓடும் தண்டு. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு விருந்தினர் மாளிகை. அதன் புல்வெளி ஓரத்தில் அதே மஞ்சள் பூ வரிசையாக நட்டிருந்தது. தோட்டக்காரர் வெட்டிய கொடிகளைச் சுவருக்கு இந்தப் பக்கம் கொட்டியிருந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன் தம்பி. பார்க்காதது மாதிரி நடந்தேன். துறைக்கு வந்து செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து வைத்தபோது அடியிலிருந்த நான்கு இலைகள் மூன்று மடலாக விரிந்து கிடந்தன. இதோ நான் யார் தெரிகிறதா என்று கேட்பது போலத்தான் இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இலை நெருக்கமாக இருந்தால், தாளில் தெளிவாகத் தெரிய சிலவற்றை வெட்டி எடுக்கலாம். ஆனால் அடிப்பகுதியில் ஒரு துளியாவது தண்டோடு விட்டுத்தான் வெட்ட வேண்டும். இங்கே ஓர் இலை இருந்தது என்று பின்னால் பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். நான் அந்த நான்கையும் தண்டோடு ஒட்டி, மிச்சமே இல்லாமல் நகத்தால் கிள்ளிப் போட்டேன். மேலே ஒழுங்கான இலைகளும் பூவும் நின்றன. லேபிளில் பெயரை எழுதினேன், சேகரித்தவர் நான், இனம் கண்டவர் நான். துறைத் தலைவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிள்ளினேன். குப்பைக் கூடையில் அந்த இலைகளின் மேல் காகிதத்தைப் போட்டு மூடியதுகூட நினைவிருக்கிறது. மறதிக்காரிக்கு இவ்வளவு நினைவிருக்கிறது, பார்த்தாயா.

மிச்சமிருந்த கொடியைத் தூக்கி எறிந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய பெயிண்ட் டின்னில் நட்டேன். நான் சொன்னது உண்மைதான் என்று எனக்கே காட்டிக்கொள்ள நட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அது எதற்கும் சளைக்கவில்லை. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டது. உன் மாமா பேரையூரிலிருந்து வந்தபோது, பம்புசெட் பக்கம் மண் அரிக்கிறது, படர்ந்து பிடிக்கிற மாதிரி ஏதாவது கொடு என்று கேட்டார். நாலு கொடியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். உனக்கு ஆறு வயதானபோது ஒரு கோடையில் அவர் போன் பண்ணினார். "ஏத்தா, நீ குடுத்த கொடி பம்புசெட்டு பூராவும் படந்துருச்சு. ஊரே காஞ்சு கெடக்கு, அது மட்டும் பச்சையா நிக்குது. ஆடு அங்கனயேதான் கெடக்கு. மூணு ஆடு மாசம் ஆகுமுன்னே குட்டி போட்டுருச்சு, ஒண்ணுகூட நிக்கல. கொடியில எதுவும் இருக்குமா?" அந்தச் செடி ஆடுமாட்டின் கருவைக் கலைக்கும் என்று ஒரு கட்டுரை படித்து அப்போது எனக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் சொன்ன பதில் இது: "அது மனுசரே திங்கிற கீரைண்ணே. வெயிலாத்தான் இருக்கும்." அவர் "நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாததா" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு ஆடு. மிச்சத்தை விற்றுவிட்டு அவர் ஆடு வளர்ப்பதையே விட்டார். இன்றுவரை அவருக்குக் காரணம் தெரியாது. இந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொள்ளப்போகிறார். அந்த பம்புசெட் பக்கம்தான் நீ ஷெட் போட்டிருக்கிறாய்.

வேலையை விட்டுவிட்டு நீ சென்னையிலிருந்து வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். உன் அப்பா போன பிறகு வீடு வெறிச்சென்று இருந்தது. நம் நிலத்து மூலிகை, நம் ஆட்களுக்கே வேலை என்று நீ பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் நீ மாமா நிலத்திலிருந்து போன் பண்ணி, "அம்மா, இங்க ஏக்கர் கணக்குல நம்ம செடி கெடக்கும்மா, சாமி குடுத்தது" என்று கத்தினாய். சாமி கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "அது வேற வகையாக்கூட இருக்கும்டா, பாத்துக்க" என்று முணுமுணுத்தேன். நீ கல்லூரிக்குப் போய் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வந்து, "யாரு எழுதிருக்காங்க பாரு" என்று என்னிடமே காட்டினாய். லேபிளில் என் இளவயதுக் கையெழுத்து, முத்து முத்தாக. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. போட்டோ எடுக்கப் புடவை எடுத்துக் கொடுத்தாய், கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. களை பறித்தவர் மகளின் முகம் கடை கடையாகப் போகப்போகிறது என்று உள்ளூர ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பில் எட்டு மாதம் ஓடிவிட்டது. தேன்மொழி குடிக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை பேச்சுவாக்கில் தெரிந்ததும்தான் எனக்கு வாய் வந்தது. என் வாய் எவ்வளவு தாமதமான வாய் என்று நீயே பார்த்துக்கொள்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போனேன். இப்போது அங்கே விரிவுரையாளராக இருக்கும் இளம்பெண் பீரோவைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். பூ நிறம் போய் வைக்கோல் மாதிரி ஆகியிருந்தது. தண்டில் லென்ஸை வைத்தால், நான் கிள்ளிய நான்கு இடமும் தெரிகிறது. தேடுகிறவனுக்குத்தான் தெரியும், இத்தனை வருடம் யாரும் தேடவில்லை. தவறான பெயரைத் திருத்த எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, சரியான பெயர், திருத்தியவர் பெயர், தேதி எழுத வேண்டும். தப்பும் திருத்தமும் ஒரே தாளில் கடைசிவரை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நான் ஒட்டினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், ஒங்களையே நீங்க திருத்துறீங்களா?" என்றாள். அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். ஓகேம்மா, ரெஸ்ட் எடு என்று பதில் போட்டாய். முப்பத்து மூன்று வயதில் நான் எழுதிய பொய்யை அச்சடித்து ஊருக்கு விற்கப்போகிறாய், அறுபத்தாறு வயதில் சொல்கிற உண்மையை மறதி என்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. பொய்யை நான் நல்ல எழுத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும் தாய் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். தெரியாது என்று சொல்லக் கூசாதே. நான் அன்றைக்குத் துறைத் தலைவர் முன்னால், சார், இது அது இல்லை, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னொரு முறை சிரித்திருப்பார்கள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை உன் பந்தலில் நின்று, அம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள், பொடியை விற்கப்போவதில்லை என்று நீ சொன்னால் உன்னைப் பார்த்தும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். குத்துவிளக்கு ஏற்ற என் பெயரைப் போட்டிருக்கிறாய். நான் ஏற்ற மாட்டேன்.

தம்பி, மேலே உள்ளதைப் புதன்கிழமையோடு முடித்துவிட்டேன். இனி எழுதுவது வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் தேன்மொழி போன் பண்ணினாள். "அத்தை, அடிவயிறு வலிக்குது. லேசா ரத்தம் பட்டுருக்கு. அவரு போன எடுக்க மாட்டேங்குறாரு" என்றாள். ஆட்டோ வைத்து உங்கள் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி உனக்குப் போன் அடித்தோம். பந்தல்காரர் சத்தத்தில் கேட்கவில்லையோ, அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று இருந்துவிட்டாயோ, தெரியவில்லை. மாமாவிடம் சொல்லிவிட்டேன், ஷெட்டுக்கு நடந்தே வருகிறார். இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புகிறேன், உன்னிடம் காட்டுவார். அவரும் படிப்பார்.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். துடிப்பு இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது, நாளைக் காலை மறுபடி பார்க்க வேண்டும் என்றார். மருந்து மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் சொன்னேன். ஒரு தாளில் செடியின் சரியான பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணலாக வந்தது. இதனால்தான் என்று அவர் சொல்லவில்லை, இதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பிறகும் அவள் குடித்தாளா என்று கேட்டேன். "நிறுத்துறேன்னுதான் சொன்னேன் அத்தை. அவருதான் குடின்னாரு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குச் சின்னப் புள்ளையில மஞ்சக்காமாலை வந்தப்ப நீங்க இந்தச் செடியத்தான் அரச்சுக் குடுத்தீங்களாமே? அதுலதான் பொழச்சாராமே? அதச் சொல்லித்தான் எனக்குக் குடுத்தாரு. அப்ப இது ஒண்ணும் செய்யாதுல்ல?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்ற முகம். ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

இல்லை, நான் அரைத்தது வேறு செடி என்றேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. கண்ணெல்லாம் மஞ்சள். நான் டின்னில் நட்ட செடி நம் வாசலிலேயே பூத்துக் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய், பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் கீரை விற்கிற அம்மாவிடம் நம் நாட்டுச் செடியை வாங்கி வந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து அரைத்தேன். நீ படுக்கையிலிருந்து பார்த்தது அம்மியைத்தான், இலை எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. இதைத் தேன்மொழியிடம் அப்படியே சொன்னேன். "ஒங்க புள்ளைக்குன்னா இலை இலையாப் பாத்திருக்கீங்க அத்தை" என்றாள். கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அதிலிருந்து நான் வெளியேதான் இருக்கிறேன். நர்ஸ் இரண்டு முறை வந்து, உள்ளே யாராவது இருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போனால் அவள் அழுகிறாள், அழக்கூடாது என்கிறார்கள். அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நீ வா.